வாஷ்பேசின் மேல் ஒரு பலகை

முதல் நாள், ஜனவரி 22

நான் வந்து சேர்ந்துவிட்டேன், பெட்டி வந்து சேரவில்லை. அக்கா கடை கடையாக ஏறி வாங்கிக்கொடுத்த தெர்மல் உள்ளாடை, இரண்டு ஸ்வெட்டர், மகனுக்கென்று அரைத்துக்கொடுத்த சாம்பார் பொடி எல்லாம் அதற்குள் இருக்கிறது. விமானம் மாறிய இடத்தில் நின்றுவிட்டதாம், நாளைக்கு வீட்டுக்கே வந்துவிடும் என்று கவுன்டரில் இருந்த பெண் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னாள். சிவகாசிக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடிகாலையில் ஒரு மணி நேரம் மஃப்ளர் கட்டுவதோடு சரி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விமான நிலையத்துக்கு வெளியே மைனஸ் பதினொன்று. மூக்குக்குள் இருக்கிற முடி உறையும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா மகன் இங்கே நாலாம் வருஷம் மருத்துவம் படிக்கிறான். "மாமா, முதல்ல இதைப் போடுங்க, பேச்செல்லாம் அப்புறம்" என்று தன் பழைய ஜாக்கெட்டை மேலே மாட்டிவிட்டு டாக்ஸியில் தள்ளினான். அவன் வாடகைக்கு இருக்கிற வீடு பெத்ரோகிராத் பகுதியில், கார்பொவ்கா என்ற சின்ன ஆற்றுக்குப் பக்கத்தில். ஒரு அறை, ஒரு சமையலறை, ஆள் நின்றால் கதவு திறக்காத ஒரு குளியலறை. அதில் சுவரோடு வளைந்து போகும் ஒரு வெந்நீர்க் குழாய், துண்டு காயப்போட. வந்ததும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன்.

ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி, போவதுதான் போகிறாய், ஜூன் மாதம் போனால் என்ன, ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாமே என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் பார்க்க வந்தது குளிரை. முப்பது வருஷமாகக் காலண்டர் அச்சகத்துக்கு முருகனும் லட்சுமியும் வரைகிற ஆள் நான். ஆறாம் வகுப்பில் என் கணக்குப் புத்தகத்துக்கு அப்பா சோவியத் பத்திரிகைத் தாளில் அட்டை போட்டுத் தந்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், வழவழவென்று நல்ல கெட்டித் தாள், புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட்டால் வேறு கிடையாது. என் அட்டையில் இருந்தது ஒரு கருப்பு வெள்ளைப் படம்: உறைந்த ஆற்றில் ஒரு துவாரம், பக்கத்தில் கனத்த கோட்டும் தலைத்துணியுமாக ஒரு சிறுமி, தண்ணீர் மொள்கிறாள். ஒரு வருஷம் முழுக்க அவளோடுதான் பின்னம் படித்தேன். வரைந்தவர் அலெக்செய் பகோமவ், ஊர் லெனின்கிராட், அதாவது இதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஆண்டு ஜெர்மன் படையின் முற்றுகைக்குள் ஊர் கிடந்த 1942 என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. படத்தில் இருக்கிற பெண்ணைப் பற்றி யோசித்த அளவுக்கு வரைந்த ஆளைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. அதே தண்ணீரை அந்த மனுஷனும்தானே தூக்கியிருக்க வேண்டும்? தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும்.

மணி ஒன்பது. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், ஜனவரி 23

காலை ஒன்பதரை ஆகும்வரை சூரியன் இல்லை. வந்தபிறகும் ட்யூப் லைட் போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற வெளிச்சம்.

மெட்ரோ பிடித்து லெனின் சதுக்கம் நிலையத்தில் இறங்கினால் பின்லாந்து ரயில் நிலையம். அங்கிருந்து நடை தூரத்தில் லெபெதெவ் தெரு. செயற்கை ரப்பர் செய்து காட்டிய வேதியியலாளர் செர்கெய் லெபெதெவ் பெயரில் இருக்கிற தெரு. நான் தேடிப் போனது அவர் மனைவியை. அன்னா அஸ்த்ரௌமவா-லெபெதெவா. 1871-இல் பிறந்தவர், மரக்கட்டையில் செதுக்கி அச்செடுப்பதை ரஷ்யாவில் மறுபடி ஒரு கலையாக நிறுத்தியவர். இந்த ஊரின் பாலம், ஆறு, கம்பி வேலி, தூண் என்று அவர் செதுக்கின படங்கள் ஏராளம். இளம் வயதிலிருந்தே ஆஸ்துமா, எண்ணெய் வண்ணத்தின் வாடை ஆகாது. அதனால்தான் கட்டையும் நீர்வண்ணமும் அவர் கைக்கு வந்தன.

1941 செப்டம்பர் 8-ஆம் தேதி ஜெர்மன் படை நகரத்தின் தரைவழியை அடைத்தபோது அவருக்கு எழுபது வயது. கணவர் இறந்து ஏழு வருஷம். வெளியேற வாய்ப்பு வந்தும் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இங்கே வீடு என்பது எப்படிச் சுருங்கியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குண்டு அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி போய்விடும், அந்த இடத்தில் ஒட்டுப்பலகை அடிப்பார்கள், உள்ளே பகலிலும் இருட்டு. மின்சாரம் நின்றது, குழாயில் தண்ணீர் உறைந்தது, கழிவுக் குழாயும் உறைந்தது. நாலு அறை வீடானாலும் குடும்பம் ஒரே அறைக்குள் ஒண்டிக்கொள்ளும், மற்ற அறைகளில் சுவரோரம் பனி பூத்திருக்கும். நடுவில் 'புர்ஷுய்கா' என்று ஒரு தகர அடுப்பு. நம் ஊரில் வெந்நீர் போடும் பாய்லரைக் குட்டையாக்கிப் படுக்க வைத்ததுபோல் இருக்கும், அதன் புகைக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருப்பார்கள். அதற்குத் தீனி நாற்காலி, அலமாரி, தரைக் கட்டை, கடைசியில் புத்தகம். வெளிச்சத்துக்கு 'கப்தில்கா', அதாவது ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய், திரி, நிறையப் புகை. எங்கள் பாட்டி வீட்டுச் சிமினி விளக்கேதான், அதில் கண்ணாடி இருந்தது, இதில் அதுவும் கிடையாது.

ஓவியர் வீட்டில் எரிக்க நல்ல சாமான்கள் உண்டு. படம் வைக்கும் தாங்கி, கான்வாஸ் அடித்த சட்டம், வருஷக்கணக்காக உலர்ந்த செதுக்குக் கட்டை. எங்கள் அச்சகத்தில் பழைய மர எழுத்துக் கட்டைகளை வெந்நீர் போட எடுத்துப்போன வாட்ச்மேனை எனக்குத் தெரியும். அது நின்று எரியும் விறகு.

அஸ்த்ரௌமவா-லெபெதெவா எங்கே உட்கார்ந்து வேலை செய்தார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். குளியலறையில். வாஷ்பேசின் மேல் குறுக்காக வரைபலகையைப் போட்டு, அதன்மேல் மைக்கூடு, எதிரே தட்டில் விளக்கு. அங்கே இருந்தால் குண்டு விழுகிற சத்தம் மட்டுப்படுகிறது, பறந்து போகும் குண்டின் விசில் குறைவாகக் கேட்கிறது, சிதறின எண்ணங்களைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். எழுபது வயது அம்மா. ஜன்னல் இல்லாத, நாலு பக்கமும் உள்சுவர் சூழ்ந்த ஒரே இடம் அதுதான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது எந்த மூலையில் பலகை போட்டால் கை நடுங்காது என்று பார்த்து வைத்த அந்த வீட்டுக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துப் பெண்களுக்கு லெனின்கிராட் பெண்கள் ஒரு ஆல்பம் அனுப்பினார்கள். அதற்கும் படம் போட்டுக் கொடுத்தவர் இவர்தான்.

அந்தத் தெருவில் இருபது நிமிஷம் நின்றேன். எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், உள்ளே எட்டிப்பார்க்க நமக்கு உரிமையில்லை. ஒரு பாட்டி குப்பைப் பையோடு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். மருமகன் பவ்வியமாகத் தலையாட்டினான். என்னடா என்றேன். "தொப்பி காதை மூடல, உங்க ஆளுக்குப் புத்தியில்லையான்னு கேக்குறாங்க மாமா."

பெட்டி இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள், ஜனவரி 24

பெட்டி வந்தது! சாம்பார் பொடி உடைந்து தெர்மல் உள்ளாடை முழுக்க மஞ்சள். அதையே போட்டுக்கொண்டு கிளம்பினேன், நாள் முழுக்க என்மேல் கொத்தமல்லி வாசம்.

சல்யானி சந்தில் இருக்கிற முற்றுகை அருங்காட்சியகம். இதற்கே ஒரு கதை உண்டு. 1944-இல், முற்றுகை முழுதாக விலகி மூன்று மாதம் கழித்து, இது கண்காட்சியாகத் திறந்தது. நகரத்து ஓவியர்கள் பலர் அதற்கு வேலை செய்தார்கள். 1949-இல் ஸ்டாலின் ஆட்சியே லெனின்கிராட் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டபோது இதையும் மூடி, 1953-இல் ஒரேயடியாகக் கலைத்துவிட்டார்கள். பொருட்கள் பல இடங்களுக்குச் சிதறின. மறுபடி திறந்தது 1989-இல். பசியைக்கூட அரசாங்கம் சொல்கிற அளவுக்குத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் போல.

உள்ளே ஒரு தராசு, அதில் ஒரு துண்டு ரொட்டி. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம், அலுவலக ஊழியர், வேலையில்லாதவர், குழந்தைகளுக்கு 125 கிராம். அதிலும் மாவு பாதி, மீதி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மரக்கூழ் என்று என்னென்னவோ. ராத்திரி வீட்டுக்கு வந்து கடையில் வாங்கின கறுப்பு ரொட்டியை மருமகனின் சமையல் தராசில் வைத்து அறுத்து அறுத்துப் பார்த்தேன். 125 கிராம் என்பது என் உள்ளங்கை அளவில் மூன்று மெல்லிய துண்டு. அக்கா வீட்டு இட்லி கணக்கில் இரண்டரை. அந்தக் காலத்து ரொட்டி ஈரம் கோத்துக் கனமாக இருந்ததால் அதே எடைக்குத் துண்டு இன்னும் சின்னதாகத்தான் இருந்திருக்கும்.

என்னை அங்கே நிறுத்திவிட்டது வேறொன்று. தச்சர்கள் மரம் ஒட்டும் பசை. நாங்கள் வச்சிரம் என்போம். அப்பா தச்சு வேலை. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை, பழுப்பு நிறக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு டப்பா வைத்து, அடிபிடிக்காமல் காய்ச்சுவார். அந்த நாற்றத்துக்கு அம்மா அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார், கொல்லையில் தனியாகக் கல் கூட்டித்தான் காய்ச்ச வேண்டும். லெனின்கிராட்டில் அதைத்தான் ஊறவைத்து, காய்ச்சி, பிரிஞ்சி இலை போட்டு, ஆறவைத்து, உறைந்ததும் துண்டு போட்டு, இருந்தால் வினிகரும் கடுகும் தொட்டுத் தின்றார்கள். ஓவியருக்கும் தச்சருக்கும் அந்த விஷயத்தில் ஒரு அனுகூலம். வீட்டில் வச்சிரம் ஸ்டாக் இருந்தது. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பழுதுபார்க்க வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயில் உருளைக்கிழங்குத் தோலை வதக்கியிருக்கிறார்கள்.

அதாவது, நானும் என் பரணில் வைத்திருக்கிற சாமான்தான். எண்ணெய், பசை. என் வீட்டில் எத்தனை டப்பா இருக்கிறது என்று அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தேன். இப்போதெல்லாம் பசை பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளையாக வருகிறது, அதைத் தின்ன முடியாது.

நான்காம் நாள், ஜனவரி 25

விடிந்ததிலிருந்து பனி. ஹெர்மிடாஜ் போனோம். கூட்டம், கோட்டு வைக்கக் க்யூ, ரெம்ப்ராண்ட் அறையில் ஒரு பள்ளிக்கூடமே நின்றுகொண்டிருந்தது. அதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். கீழே இருக்கிற நிலவறைகளில் அந்தக் குளிர்காலத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் குடியிருந்தார்கள். ஊழியர்கள், அறிஞர்கள், ஓவியர்கள், அவர்கள் குடும்பங்கள். மேலே படங்கள் கிடையாது. 1941 ஜூலையிலேயே இரண்டு ரயில்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களை உரால் மலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள், காலிச் சட்டங்களை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டு. கீழே குடியிருந்தவர்களில் கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் நிகோல்ஸ்கியும் ஒருவர். மனைவியோடு நிலவறையில் ஒரு கட்டில் அளவு இடம். அங்கே இருந்தபடியே நாட்குறிப்பு எழுதினார், தன்னைச் சுற்றி இருந்ததையெல்லாம் வரைந்தார்: வளைந்த கூரை, தூண், போர்வைக்குள் சுருண்ட மனிதர்கள், மேசை விளக்கு. ஒரு நாள் அந்தப் படங்களைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்க அங்கேயே ஒரு கண்காட்சியாக வைத்தார். அதோடு விடவில்லை, படை திரும்பி வரும்போது கட்ட வேண்டிய வெற்றி வளைவுகளுக்கும் கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருந்தார். நெவா ஆற்றில் நின்ற 'துருவ நட்சத்திரம்' என்ற கப்பலிலிருந்து கொஞ்ச காலம் மின்சாரம் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் நின்றபிறகு மெழுகுவர்த்தி.

இதைச் சொன்னதும் மருமகன் கேட்டான்: "வீட்டுல சோறு இல்ல, இவரு வளைவு வரையிறாரு. அவங்க வீட்டம்மா திட்ட மாட்டாங்களா மாமா?" மாப்ளே, உங்க அத்தையைக் கேட்டா சரியான பதில் கிடைக்கும் என்றேன்.

ஆனால் கேள்வி சரியானதுதான், திரும்பும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வரைவது அங்கே சோற்றுக்குப் போட்டியாக இருந்ததாகத் தெரியவில்லை. எலேனா மார்ட்டிலா என்று ஒரு பெண், ஓவியப் பள்ளி மாணவி, இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஒரு ராத்திரி, படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று உடம்பு சொல்லிவிட்டது. படுக்கவில்லை. உட்கார்ந்து தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தாள், விடிகிறவரை. விடிந்தது, உயிரோடு இருந்தாள். அந்தப் படம் இருக்கிறது. மருத்துவ மாணவனிடம் கேட்டேன், இது சாத்தியமா என்று. குளிரில் உடம்பு சூடு இறங்கும்போது தூக்கம் அழுத்தும், அப்போது தூங்கினால் பல பேர் எழுந்திருக்க மாட்டார்கள், ஆகவே விழித்து அசைந்துகொண்டிருப்பது நல்லதுதான் என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "பரீட்சைக்கு முந்தின நாள் நாங்களும் படம்தான் போடுறோம்" என்றான். இவன் டாக்டராகி எங்கள் ஊருக்கு வரப்போகிறான்.

ஐந்தாம் நாள், ஜனவரி 26

இன்றைக்குத்தான் தெரிந்தது, மருமகன் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கார்பொவ்கா கரையோரம், லித்தெரத்தரவ் தெரு. பெயரே எழுத்தாளர் தெரு. முதிய எழுத்தாளர்களுக்கென்று கட்டின ஒரு வீடு அங்கே இருந்தது, அதில் ஒரு அறையில் 1919 முதல் குடியிருந்தவர் பாவெல் ஃபிலோனவ்.

இவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது. மகா ஓவியர், அதில் சந்தேகமில்லை. தூரிகை நுனியால் கடுகளவு கடுகளவாக வரைந்து வரைந்து ஒரு பெரிய கான்வாஸை நிரப்புவார். ஒவ்வொரு அணுவும் 'செய்யப்பட்டதாக' இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் படத்தை விற்கமாட்டார். எல்லாம் நாட்டுக்கு, ஒரு தனி அருங்காட்சியகமாக. நாடோ 1930 வாக்கில் அச்சடித்த கண்காட்சிக் கையேட்டோடு அவர் கண்காட்சியைத் திறக்காமலேயே மூடிவிட்டது. சமாதான காலத்திலேயே ரொட்டியும் தேநீருமாக நாள் ஓட்டியவர். பாடம் சொல்லிக் கொடுத்தால் காசு வாங்கமாட்டார். மனைவி எகதெரீனா செரெப்ரியகோவா அவரைவிட இருபது வயது மூத்தவர், அவரை இவர் 'மகளே' என்றுதான் கூப்பிடுவார். கொள்கை நல்லதுதான், கூட இருந்து பட்டினி கிடந்தது அந்த அம்மாவும் அல்லவா.

முற்றுகை வந்தபோது ஃபிலோனவ் உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லை. அவர் அறையில் நூற்றுக்கணக்கான படங்கள், மேலே மரக் கூரைப் பரண். விமானம் தீக்குண்டு போட்டால் கூரை பற்றும், படம் போகும். அதனால் பரணில் போய்க் காவல் நின்றார், தினம், அந்தக் காற்றில். குண்டு விழுந்தால் மணலால் அணைப்பதுதான் வேலை. 1941 டிசம்பர் 3-ஆம் தேதி இறந்துபோனார், 58 வயது. குளிர்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. செரஃபீமவ் கல்லறையில் புதைத்தார்கள். மனைவி அடுத்த ஆண்டு போனார். தங்கை எவ்தோக்கியா க்ளெபவா, அவரும் பசியில் நடக்க முடியாதவர்தான், படங்களைச் சுருட்டிக் கொண்டுபோய் ரஷ்ய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். ஒன்றையும் எரிக்கவில்லை, ஒன்றையும் ரொட்டிக்கு விற்கவில்லை.

மத்தியானம் ரஷ்ய அருங்காட்சியகம், பெனுவா பகுதி. 1913-இல் அவர் வரைந்த 'அரசர்களின் விருந்து'. ஒரு மேசையைச் சுற்றி அரசர்கள், அழுகின பிணம் மாதிரி சிவப்பும் கறுப்புமாக, யாரும் சாப்பிடுகிறமாதிரி இல்லை, உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தேன், காவலிருந்த அம்மா தொண்டையைச் செருமும் அளவுக்குக் கிட்ட. ஓரத்தில்கூட ஒரு நகம் அகல இடத்தை அவர் சும்மா விடவில்லை. எங்கள் தொழிலில் பின்னணிக்கு ஒரு ஏர்பிரஷ் அடித்துவிட்டுப் போய்விடுவோம், கிரீடத்துக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

இருட்டும் நேரத்தில் ஃபொன்டாங்கா ஆற்றங்கரைக்குப் போனோம். கருங்கல் சுவரில் ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வாளியோடு ஒரு பெண். முற்றுகைக் குளிர்காலத்தில் இங்கே பனியைத் துளைத்துத் தண்ணீர் மொண்டதன் நினைவுக்கு. என் கணக்குப் புத்தகச் சிறுமி இவள் இல்லை, அவள் நெவாவில் மொண்டவள். இருந்தாலும் போதும். கீழே ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீர் மொண்டு, குழந்தைகள் விளையாடும் சறுக்கு வண்டியில் வாளியை வைத்து இழுத்து, படியேறும்போது தளும்பி, தளும்பினது படியிலேயே உறைந்து, அடுத்து ஏறுகிறவர் வழுக்கி விழுவார். நாலாவது மாடி என்றால்? பகோமவும் முற்றுகை முழுக்க இந்த ஊரில்தான் இருந்தார். அவர் லித்தோ கல்லில், அதாவது அச்செடுப்பதற்கான கல்லில், வரைந்தவர். லித்தோ கல்லில் வேலை செய்த பழைய ஆட்களைச் சிவகாசியில் பார்த்திருக்கிறேன், கல்லைத் தண்ணீரால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஈரம் காய்ந்தால் மை அப்பிக்கொள்ளும். தண்ணீர் தூக்கும் சிறுமியின் படத்தை அச்செடுக்கவும் யாரோ தண்ணீர் தூக்கியிருக்கிறார்கள்.

ஆறாம் நாள், ஜனவரி 27

முற்றுகை முழுதாக விலகிய நாள். 872 நாள்.

காலையில் நெவ்ஸ்கி சாலையில், மாலயா சதோவயா முனையில் உயரத்தில் இருக்கிற ஒலிபெருக்கிக்குக் கீழே சிவப்புக் கார்னேஷன் பூக்கள். வானொலியில் பேச ஆள் இல்லாத நேரமெல்லாம் மெட்ரோனோம், அதாவது டக் டக்கென்று தாளம் அடிக்கும் கருவி, ஓடவிட்டார்கள். மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை, வேகமாக அடித்தால் விமானம் வருகிறது. வீட்டுக்குள் இருட்டில் படுத்திருப்பவர்களுக்கு ஊர் இன்னும் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

அப்புறம் பிஸ்கர்யோவ்கா கல்லறைத் தோட்டம். வரிசை வரிசையாக நீளமான மேடுகள், 186. பெயர் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கல், அதில் ஆண்டு மட்டும். 1942, 1942, 1942. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பனிமேல் ஜனங்கள் வைத்துப் போனவை: பூ, மிட்டாய், ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. ஒரு மேட்டில் காகம் வந்து ரொட்டியைக் கொத்திக்கொண்டு போனது. நம் ஊரில் அமாவாசைக்குச் சோறு வைத்து, காகம் எடுக்கவில்லையே என்று கூப்பிடுவோம். இங்கே யாரும் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது எனக்கு.

(இந்தப் பத்தியை மட்டும் ஊருக்கு வந்தபிறகு சேர்க்கிறேன், அங்கிருந்து போட வேண்டாம் என்று மருமகன் கேட்டுக்கொண்டான். அந்த மேடுகளுக்கு நடுவில் நிற்கும்போது, இதே நாட்டு ஏவுகணை விழுந்து கரண்ட் இல்லாமல், ஹீட்டர் இல்லாமல் இந்தக் குளிரில் வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் கீவ், கார்கிவ் ஜனங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் யாராவது பலகையை எந்த மூலையில் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நினைத்தேன், எழுதிவிட்டேன்.)

சாயங்காலம் மருமகன் சாம்பார் வைத்தான், உள்ளாடையில் கொட்டினது போக மிச்சமிருந்த பொடியில். 1944-இல் இதே நாள் ராத்திரி 324 பீரங்கியை 24 தடவை முழங்கினார்களாம். இப்போதும் ஒன்பது மணிக்கு வாணவேடிக்கை உண்டு, பேதுரு பவுல் கோட்டைப் பக்கம், எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில்தான். "ஜன்னலுக்கு வாங்க மாமா, சிவகாசி ஆளு நீங்க, எப்படி இருக்குன்னு மார்க் போடுங்க" என்றான்.

நான் சமையலறையில் காய் நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வாஷ்பேசின் மேல் குறுக்காக வைத்தால் ஒரு பக்கம் ஆடுகிறது, துண்டை மடித்துக் கீழே கொடுத்தேன். உட்கார இடமில்லை, தொட்டியின் விளிம்பில் ஒருக்களித்து உட்கார வேண்டும், முழங்கால் பேசினில் இடிக்கிறது. நோட்டை வைத்து, விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணாடித் தட்டில் சாய்த்து வைத்தேன். முதல் வெடி போட்டார்கள். நாற்பது வருஷமாகக் காதில் பட்டாசு போட்டுப் பழகினவன் சொல்கிறேன், அந்த அம்மா எழுதினது நிஜம். சத்தம் குறைகிறது. சுவரில் ஒரு தட்டு தட்டுகிறமாதிரி, அவ்வளவுதான். பலகை மட்டும் லேசாக அதிர்ந்தது, பென்சில் கோடு அந்த இடத்தில் ஒரு பல் விழுந்து போனது.

வெந்நீர்க் குழாயை வரைந்தேன், அதன்மேல் காய்ந்த மஞ்சள் பனியனை வரைந்தேன். மூன்றாவதாக எதை எடுக்கலாம் என்று பார்த்தபோது கதவைத் தட்டினான். "மாமா, முடிஞ்சிருச்சு, வெளிய வாங்க. சாம்பார் ஆறுது."